வரிச்சியின் கடைவாய்ப் பல்

வரிச்சி என்ற கழுதைப்புலி ஒரு பாறைக் குகையில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. குகைக்கு முன்னால் ஓர் ஓடை. அதில் தண்ணீர் ஓடிப் பல மாதம் ஆகியிருந்தது. குகையின் உள்மூலையில் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி ஒண்டுக்குடித்தனம் இருந்தது.

கழுதைப்புலிக்கு எலும்புதான் சொத்து. மற்ற மிருகங்கள் கறியைத் தின்றுவிட்டு எலும்பை எறிந்துவிட்டுப் போகும். வரிச்சி அதைக் கவ்விக்கொண்டு வந்து குகையில் அடுக்கி வைக்கும். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கும். உள்ளே இருக்கும் கொழுத்த மஜ்ஜை குட்டிகளுக்கு. மிஞ்சும் எலும்புத் துண்டுகளை ஊசியப்பன் சுரண்டிக்கொள்ளும். அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. குகையில் சரியும் மண்ணைத் தள்ளி இடத்தை ஒழுங்காக வைப்பது ஊசியப்பனின் பொறுப்பு.

அந்த வருடம் மழை பொய்த்தது. மான்கள் வேறு பக்கம் போய்விட்டன. வரிச்சியின் எலும்புக் குவியல் வழக்கத்தில் பாதிகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வரிச்சியின் வாயில் கோளாறு வந்தது. எலும்பைக் கடித்தால் எலும்பில் ரத்தக்கறை. ஈறெல்லாம் தடித்துச் சிவந்து கிடந்தது. நக்கிக் கொடுக்கப் போனால் குட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

“அம்மா, உன் வாய் நாறுது” என்றது பெரிய குட்டி.

செத்ததைத் தின்று வளரும் இனத்துக் குட்டிக்கே நாறுகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட நாற்றமாக இருக்க வேண்டும்! வரிச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மாலையே பல் வைத்தியரைப் பார்க்கக் கிளம்பியது.

அந்தக் காட்டில் பல் வைத்தியம் பார்த்தது செங்கொண்டை என்ற மரங்கொத்தி. ஓடைக்கு மேட்டில் நின்ற பட்டுப்போன வேங்கை மரத்தின் பொந்தில் அது குஞ்சுகளோடு இருந்தது. மரத்தைத் தட்டி உள்ளே எங்கே பூச்சி இருக்கிறது என்று சொல்லும் காது அதற்கு. பல்லையும் அப்படித்தான் பார்க்கும்.

“வைத்தியரம்மா, என் வாயைக் கொஞ்சம் பாருங்க” என்றது வரிச்சி.

“படுத்துக்கிட்டு நல்லாத் திற.”

“இருங்க, ஒரு கட்டையை எடுத்து நடுவுல வச்சுக்கறேன். தப்பித் தவறி என் வாய் மூடிட்டா?”

“கட்டை வேண்டாம். மரக்கட்டை இருந்தா சத்தத்தைக் குடிச்சுடும். பல் பேசறது எனக்குக் கேட்காது” என்றது செங்கொண்டை. சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, காட்டெருமையின் எலும்பையே நொறுக்கும் அந்தத் தாடைகளுக்கு நடுவே நடந்துபோய் நின்றது.

வரிச்சி மூச்சைக்கூட மெதுவாக விட்டது. ஒரு கைப்பிடி கூட இல்லாத பறவை. கொஞ்சம் தாடை அசைந்தால் போதும். அதற்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தன் நாக்கின் மேல் நிற்கிறதே என்று நினைத்தபோது வரிச்சிக்கு உடம்பு சிலிர்த்தது.

செங்கொண்டை ஒவ்வொரு பல்லாகத் தட்டியது. முன்பற்கள் டங் டங் என்று பேசின. இடது மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைத் தட்டியபோது தொப் என்று ஒரு சத்தம். வலதுபக்கம் ஒன்று அதைவிட மோசம். பிறகு செங்கொண்டை தன் நாக்கை நீட்டியது. அது நீண்டது. இன்னும் நீண்டது. மெல்லிய நூலாகப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறங்கி, வரிச்சிக்கே இருப்பது தெரியாத ஒரு பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டு வந்தது.

“இவ்வளவு நாக்கை எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்று கேட்டது வரிச்சி, வைத்தியர் வெளியே வந்ததும்.

“மண்டையைச் சுத்திச் சுருட்டி வச்சிருக்கேன். என் நாக்கு கிடக்கட்டும், உன் கதையைக் கேளு. பல்லில காரை படிஞ்சு ஈறுக்கு அடியில இறங்கிருக்கு. ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. அதுங்களால உன் தாடை எலும்பு கரைஞ்சுக்கிட்டு வருது.”

வரிச்சி நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்தது. “எலும்பு தின்கிற என் வாயிலேயே எலும்பைத் தின்கிறவன் குடியிருக்கானா?”

“குடியிருக்கான். வாடகையும் தராம.”

“ஆனா எனக்கு வலியே இல்லையே.”

“அதுதான் இந்த நோயோட கெட்டிக்காரத்தனம். வலிச்சா நீ முன்னாடியே ஓடி வந்திருப்ப. பல்லுன்னா மரத்துல அடிச்ச ஆணின்னு நினைச்சியா? இல்லை. மெல்லிசு மெல்லிசா ஆயிரம் நார் அதை எலும்போட கட்டி வச்சிருக்கு. அதனாலதான் நீ எவ்வளவு கடிச்சாலும் அது தாங்குது. எலும்பு கரைஞ்சா அந்த நார் எதைப் பிடிச்சுக்கும்?”

இத்தனை நாள் எலும்பை உடைத்தது தன் பலம் என்றே வரிச்சி நினைத்திருந்தது. ஆயிரம் நார்கள் ஓசையில்லாமல் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அவற்றுக்கு ஒருநாளாவது நன்றி சொன்னதில்லையே என்று தோன்றியது.

“சரி, சுத்தம் பண்ண என்ன தரணும்?”

செங்கொண்டை கொஞ்சம் தயங்கியது. “மஜ்ஜை எலும்பை உடைச்சு இந்த மரத்தடியில போடணும். வாசனைக்கு எறும்பு வரும். எறும்புதான் என் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. இந்தக் கோடையில எறும்பெல்லாம் மண்ணுக்கு அடியில போயிடுச்சு. வாய் முழுக்கச் சுத்தம் பண்ணணும்னா உன் குவியல்ல பாதி ஆகும். சும்மா செய்யணும்னு எனக்கும் ஆசைதான். பொந்துக்குள்ள வாயைத் திறந்துக்கிட்டு நாலு பேர் இருக்காங்களே.”

பாதிக் குவியல்! வரிச்சி யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு குகைக்குத் திரும்பியது.

ஊசியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முட்களைச் சிலுப்பிக்கொண்டது.

“தங்கச்சி, வலிக்குதா?”

“இல்லண்ணே.”

“மெல்ல முடியுதா?”

“முடியுதுண்ணே.”

“அப்புறம் என்ன? குட்டிங்க வாயில போக வேண்டிய எலும்பைக் கொண்டுபோய் எறும்புக்குப் போடுவியா? மரங்கொத்தி தட்டினா எல்லா மரத்துலயும்தான் பூச்சி இருக்கும். அது பொழப்பு அது. நாத்தத்துக்குத் துளசியை மென்னு துப்பு. மத்ததை வலிக்கும்போது பாத்துக்கலாம்.”

சொன்ன விதம் அக்கறையாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போது அதன் கண் எலும்புக் குவியலை விட்டு நகரவில்லை. வரிச்சி அதைக் கவனிக்கவில்லை. கையில் இருப்பது குறையும்போது, செலவு வேண்டாம் என்று சொல்கிறவர்தான் நமக்கு நல்லவராகத் தெரிவார். வரிச்சிக்கும் அப்படித்தான் தெரிந்தது.

துளசியை மென்றது. நாற்றம் போனது. குட்டிகள் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டன. காசில்லாமல் வைத்தியம் முடிந்துவிட்டது என்று வரிச்சி நிம்மதியாக இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் வரிச்சி ஒரு புள்ளிமான் காலெலும்பை எடுத்து வலதுபக்கம் வைத்துக் கடித்தது. டொக் என்று ஏதோ பாறையில் விழுந்து உருண்டது. எலும்பு உடையவில்லை. வலியும் இல்லை.

சின்னக் குட்டி ஓடிப்போய் உருண்டதைக் கவ்வியது. இரண்டு தடவை கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

“இதுக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா” என்றது.

வரிச்சி குனிந்து பார்த்தது. அது தன் பல். வேர் நீளத்துக்கும் பச்சையும் கறுப்புமாகக் காரை அப்பியிருந்தது. இவ்வளவு நாள் தன் உடம்பில் இருந்த ஒன்று, ஒரு சத்தம்கூடப் போடாமல் தன்னை விட்டுப் போய்விட்டது. இன்னொரு பக்கத்துப் பல்லும் போனால் குகை நிறைய எலும்பு இருந்து என்ன பயன்? குட்டிகளுக்கு உடைத்துத் தருவது யார்?

“அண்ணே!” என்று அலறியது.

ஊசியப்பன் மெதுவாக உருண்டு வந்தது. பல்லைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? இதுக்கா கத்தின? போன மாசம் கல்லைக் கடிச்சு எனக்கு முன்பல் பாதிக்குமேல உடைஞ்சு போச்சு. நான் கத்தினேனா? இப்ப பாரு” என்று வாயைத் திறந்து காட்டியது.

வரிச்சி கிட்டப் போய்ப் பார்த்தது. செங்காவி நிறத்தில், உளி மாதிரி, முழுசாக ஒரு பல். உடைந்த அடையாளமே இல்லை.

“இது எப்படிண்ணே?”

“வளந்துடும் தங்கச்சி. எங்களுக்கு வளந்துக்கிட்டே இருக்கும். தேய்க்கறதுக்கு ஏதாவது கடிச்சுக்கிட்டே இருக்கலைன்னாதான் ஆபத்து. அதுக்குத்தானே உன் எலும்பு.”

வரிச்சி அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. உடைந்தது தானாக முளைக்குமா! கடவுள் யார் யாருக்கு என்னென்ன வைத்திருக்கிறான் என்று வியப்பாக இருந்தது. அந்த வியப்பு அடங்குவதற்குள் பாறையில் கிடந்த தன் பல் நினைவுக்கு வந்தது.

“எனக்கு வளராதுண்ணே” என்றது மெல்லிய குரலில்.

“வளராதா? அட, எல்லாருக்கும் வளரும்னுல்ல நினைச்சேன்.”

ஊசியப்பன் சொன்னது பாதி உண்மை. முதல் நாள் அது அப்படித்தான் நினைத்தது. ஆனால் பிறகு நடுவில் ஒரு நாள், கழுதைப்புலிக்குப் பல் மறுபடி முளைக்காது என்பது அதற்குத் தெரிந்தது. பல்லில்லாத கழுதைப்புலியின் குகையில் உடைபடாத எலும்பெல்லாம் யாருக்கு என்ற யோசனையும் கூடவே வந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டது.

வரிச்சி அதனோடு சண்டை போடவில்லை. சண்டைக்கு நேரமில்லை. அந்த வெயிலிலேயே வேங்கை மரத்தடிக்கு ஓடியது.

“வைத்தியரம்மா, ஒரு பல் போயிடுச்சு. என் குவியல் அன்னைக்கு இருந்ததைவிடக் கம்மியாயிடுச்சு. ரெண்டு குட்டிங்க இருக்காங்க. மழை வர்ற வரைக்கும் ஓட்டணும். முழுசாச் செய்ய என்னால முடியாது. எதை இப்பவே செய்யணும், எது காத்திருக்கும், எதை விட்டுடலாம்? உள்ளதைச் சொல்லுங்க.”

செங்கொண்டை தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. “இப்படி யாரும் கேட்கறதில்லை. எவ்வளவு ஆகும்னு கேப்பாங்க, மயங்கி விழுவாங்க, வீட்டுக்குப் போயிடுவாங்க. நான்தான் அன்னைக்கே பிரிச்சுச் சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு. வாயைத் திற.”

மறுபடி தட்டிக் கேட்டது. மறுபடி நாக்கை விட்டு ஆழம் பார்த்தது.

“இடது மேல் கடைவாய்ப் பல்லும் அதுக்கு எதிர்ல கீழ இருக்கறதும் உன் சோறு. அந்தப் பக்கத்தை இப்பவே சுத்தம் பண்ணணும். அதுக்குக் குவியல்ல கொஞ்சம் போதும், பாதியெல்லாம் வேண்டாம். வலதுபக்கம் இன்னொரு பல் ஆடுது. அதைக் காப்பாத்த முடியாது, அதுக்குச் செலவு பண்ணாத. மத்தது மழை வரைக்கும் தாங்கும், ஆனா தினமும் நீ வேலங்குச்சியை மென்னு ஈறைத் தேய்க்கணும். தேய்க்கலைன்னா நான் செய்யறதெல்லாம் வீண்.”

“கரைஞ்ச எலும்பு?”

“அது திரும்பாது. இதுக்கு மேல கரையாம நிறுத்தலாம். ஈறு இறுகும். பல் கொஞ்சம் நீளமாத் தெரியும், பயப்படாத.”

வரிச்சி குகைக்குப் போய் எலும்புகளைக் கவ்வி வந்து மரத்தடியில் போட்டது. ஊசியப்பன் குறுக்கே வந்து நின்றுகூடப் பார்த்தது. வரிச்சி ஒரு முறை முறைத்தது. ஊசியப்பன் வழிவிட்டது.

ஈறு மரத்துப்போக ஒரு மஞ்சள் பூவை மெல்லச் சொல்லிவிட்டு, செங்கொண்டை வேலையைத் தொடங்கியது. அலகு உளியானது. கரக் கரக் என்று காரை உதிர்ந்தது. கல் துண்டுகள் மாதிரி அவை நாக்கில் விழ விழ, இவ்வளவையுமா சுமந்துகொண்டு திரிந்தோம் என்று வரிச்சி மலைத்தது. அலகு போகாத ஆழத்துக்கு அந்த அதிசய நாக்கு போனது. ஓர் இடத்தில் அது அடியைத் தொட்டபோது மின்னல் வெட்டியது மாதிரி ஒரு வலி. தாடை தானாக மூட எழுந்தது.

வரிச்சி முன்னங்கால் நகங்களைப் பூமியில் ஊன்றிக்கொண்டது. எலும்பு உடைக்கும் பலத்தை எல்லாம் வாயைத் திறந்தே வைத்திருப்பதில் காட்டியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

செங்கொண்டை வெளியே வரவில்லை. நகரக்கூட இல்லை. “அவ்வளவுதான், அடி தெரிஞ்சுடுச்சு. இன்னும் கொஞ்சம்” என்று உள்ளே இருந்தே சொன்னது.

தன் மேல் இந்தக் குருவிக்கு எவ்வளவு நம்பிக்கை என்று வரிச்சி நினைத்தது. அந்த நினைப்பே வலியைப் பாதியாக்கியது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுகமானவை அல்ல. குவியல் கரைந்துகொண்டு வந்தது. புண் ஆறும்வரை வரிச்சி பெரிய எலும்பைத் தொடக்கூடாது. பல்லியும் வண்டும் பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. குட்டிகள் பசியில் சிணுங்கும்போதெல்லாம் தப்புச் செய்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த எலும்புகளை எறும்புக்குப் போடாமல் இருந்திருந்தால் இன்று இவர்கள் சாப்பிட்டிருப்பார்களே! ஆனாலும் தினமும் வேலங்குச்சியை மென்று ஈறைத் தேய்ப்பதை விடவில்லை. ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

குகையில் எலும்பு தீர்ந்துபோன வாரத்தில், ஓடைக்குள் ஒரு கிழட்டுக் காட்டெருமை செத்து விழுந்தது. கழுகும் நரியும் காட்டுப்பன்றியும் வந்து தின்று முடித்தன. வரிச்சி குட்டிகளோடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, எலும்புகள் மட்டும் வெயிலில் கிடந்தன. தொடையெலும்பு மரக்கிளைப் பருமன். அதைக் காட்டுப்பன்றி கோரைப்பல்லால் குத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. நரி சுற்றிச் சுற்றி வந்து நக்கிக்கொண்டிருந்தது.

வரிச்சி அதைத் தூக்கி இடதுபக்கக் கடைவாயில் வைத்தது. பல் தாங்கினால் குட்டிகளுக்கு மழை வரை சோறு. பல் போனால் இனி எந்த எலும்பும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தியது. பல் ஆடவில்லை. இன்னும் அழுத்தியது. உள்ளே ஆயிரம் நார்களும் இழுத்துப் பிடிப்பது அதற்கே தெரிந்தது.

மளுக்கென்று எலும்பு பிளந்தது.

நரி நக்குவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பிளந்த எலும்புக்குள் மஜ்ஜை நெய் மாதிரி மின்னியது. குட்டிகள் இரண்டும் தலையை உள்ளே விட்டுக்கொண்டன. வரிச்சி ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அவை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவு சின்னப் பல், இவ்வளவு பெரிய வேலை என்று நினைக்க நினைக்க அதற்குத் தாளவில்லை.

மறுநாள் காலையில் வரிச்சி அந்தத் தொடையெலும்பில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு குகையை விட்டுக் கிளம்பியது.

“எங்க தங்கச்சி போற?” என்றது ஊசியப்பன்.

“வைத்தியரம்மாகிட்ட. வலதுபக்கம் ஆடாத பல்லெல்லாம் சுத்தம் பண்ணப் பாக்கி இருக்கு.”

“அதுதான் வலிக்கலையே. மழைக்கப்புறம் பாத்துக்கலாம்னுதானே சொல்லிச்சு?”

“தாங்கும்னுதான் சொன்னாங்க. இப்ப கையில எலும்பு இருக்கு, போறேன். வலிக்கறதுக்காகக் காத்திருக்கறது உனக்குச் சரி, அண்ணே. உனக்கு மறுபடி முளைக்கும்” என்று சொல்லிவிட்டு வரிச்சி வேங்கை மரத்தைப் பார்த்து நடந்தது.

போனால் திரும்பாத ஒன்றைக் காக்கும் செலவை, அது போனாலும் தனக்கு ஒரு நட்டமும் இல்லாதவரின் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடக் கூடாது.